திரும்பி வராத நாற்காலிகள் – 7

இரும்புக்கடைக்காரர் போனை வைத்த இடத்தில்தான் போன வாரம் இந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தோம். "நீங்க சொன்ன அடையாளம் போட்ட நாற்காலிங்க கொஞ்சம் வந்திருக்கு. மத்தியானம் லாரி வந்தா எல்லாம் உருக்கப் போயிடும். பாக்கணும்னா அதுக்கு முன்னால வந்துடுங்க" என்று அவர் சொன்னது மூன்று பேர் காதிலும் விழுந்திருந்தது. விடிந்ததும் மூன்று பேரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் டீ குடித்தார்கள். குடும்பம் என்றால் அப்படித்தான். முக்கியமான விஷயம் ஒன்று தொண்டையில் நிற்கும்போதுதான் டீயில் சர்க்கரை போதவில்லை என்ற பேச்சு வரும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். குட்டி என்ற பேரைக் கேட்டுச் சின்னப் பெண் என்று எண்ண வேண்டாம். நாற்பதைத் தாண்டியவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையிலிருந்து ஊரார் விரலைப் பிடித்துக் குத்தி ஒரு சொட்டு எடுப்பதுதான் பிழைப்பு. அவளுக்கு ஒரு தம்பி. ஐந்து வயதிலேயே வீட்டில் எல்லோரையும் அதிகாரம் செய்ததால் அவனுக்கு மேனேஜர் என்று பேர் வைத்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது, பதவிதான் ஒட்டவில்லை. பார்சல் வண்டி ஓட்டுகிறான். இருவரையும் பெற்ற அம்மா முன்னறையில் தையல் மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவள், அறுபது கடந்தும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவள்.

அம்மாவின் அப்பாவுக்கு ஒரு காலத்தில் வாடகைச் சாமான் கடை இருந்தது. நாற்காலி, பெஞ்சு, விளக்கு, பெரிய பாத்திரம் எல்லாம் விசேஷ வீடுகளுக்குப் போகும், வேலை முடிந்ததும் திரும்பி வரும். பெரிய விசேஷமாக இருந்தால் இரண்டு மூன்று கடைச் சாமான்கள் ஒன்றாகக் கலந்துவிடும். அப்போது எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருக்கும் அடையாளத்தைப் பார்த்துப் பிரிப்பார்கள். மற்றவர்களைப் போலத் தாத்தாவும் முதலில் எழுத்துத்தான் போட்டார். பக்கத்துக் கடைக்காரன் அதைச் சுரண்டிவிட்டுத் தன் எழுத்தை எழுதிக்கொண்டான். ஒருமுறை, இருமுறை என்று பொறுத்துப் பார்த்த தாத்தா, தன் பிள்ளையை மடியில் உட்கார்த்திக்கொண்டார். அவள் விரல் மூன்றைச் சிவப்புப் பெயின்ட்டில் தோய்த்து ஒவ்வொரு சாமானின் அடியிலும் ஒற்றி எடுத்தார். எழுத்தை எவன் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், இந்தப் பிள்ளையின் விரலுக்கு எங்கே போவான்?

அந்தப் பிள்ளைதான் நம் அம்மா. அவளுக்கு நாலு வயது இருக்கும்போது, அவளைப் பெற்றவள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு கடையும் இல்லை, அப்பாவும் இல்லை. "உன் அப்பன் நாற்காலியை எல்லாம் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனான், உன்னை மட்டும் ஏத்திக்கல" என்று சோறு ஊட்டும்போதும் சொன்னாள், தலை வாரும்போதும் சொன்னாள். சொல்லிச் சொல்லியே ஒருநாள் கண்ணையும் மூடிவிட்டாள். அம்மாவுக்கு அந்த வாக்கியம் மட்டும் மிஞ்சியது.

இத்தனை வாரமாகக் குட்டி அலைந்து திரிந்து கண்டுபிடித்ததெல்லாம் மூன்று சாமான். முடிவெட்டும் கடையில் ஒரு பெஞ்சு, மாணவர் விடுதியில் ஒரு விளக்குத் தண்டு, ஓய்வுபெற்ற கண்டக்டர் வீட்டில் ஒரு முக்காலி. கண்டக்டர் செய்த கூத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கே பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, அவர்கள் கிளம்பும்வரை அந்த முக்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை மனிதர். கடைசியில் மனம் கேட்காமல் வண்டிவரை வந்து அவரே கொடுத்துவிட்டுப் போனார். வாங்கிவிட்டுத் திருப்பித் தராதவர்கள் வீட்டில்தான் தாத்தாவின் கடை தப்பிப் பிழைத்திருந்தது. நாணயமானவர்கள் வீடுகளில் அவருடைய தடயமே இல்லை.

சரி, இன்றைக்கு வருவோம்.

தனக்குத் தைக்கிற வேலை நிறையக் கிடப்பதாகவும் அவர்கள் இருவரும் போய் வந்தால் போதும் என்றும் அம்மா சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடச் சட்டைகள் மெஷினுக்குப் பக்கத்தில் மலையாகக் கிடந்தது உண்மைதான். மேனேஜரும் விட்டது தொல்லை என்று சாவியை எடுத்தான். அவனுக்கு இந்தத் தேடலே பிடிக்கவில்லை. ஓடிப்போன மனுஷனைத் தேடிக்கொண்டு ஒரு குடும்பமே அலைவதை ஊர் பார்த்துச் சிரிக்கும் என்பது அவன் கட்சி. அவன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது அம்மா வாசலில் நின்றாள். வெளியே போகும்போது கட்டும் புடவை, படிய வாரிய தலை, கையில் கண்டக்டர் வீட்டு முக்காலி.

"முக்காலி எதுக்கும்மா?" என்றாள் குட்டி.

"சும்மா இருக்கட்டும்" என்றாள் அம்மா.

முன் சீட்டில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முக்காலி அம்மாவின் மடியில் இருந்தது. கடைத்தெரு தாண்டி, சிக்னலில் வண்டி நின்றதும் மேனேஜரால் அடக்க முடியவில்லை. கேட்டே விட்டான்.

"நம்மைத் தேடாத மனுஷனை நாம ஏம்மா தேடணும்?"

குட்டி அவன் காலை மிதிக்கப் பார்த்தாள். நடுவில் கியர் இருந்தது.

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வெளியே பார்த்தபடியே சொன்னாள். "நான் அவரைத் தேடலடா. அவர் என்னைத் தேடினாரா இல்லையான்னுதான் தேடறேன். அது தெரிஞ்சா போதும் எனக்கு."

பச்சை விழுந்தும் மேனேஜர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இத்தனை வருஷமாக அம்மா இதை ஒருவரிடமும் சொன்னதில்லை என்பது குட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. பொழுதுபோகாமல் ஆரம்பித்த வேலை போலத்தான் அவள் இதை ஆரம்பித்தாள். பெஞ்சு கிடைத்ததும் சந்தோஷப்பட்டாள், போட்டோ எடுத்தாள். அம்மா இதில் தன் உயிரையே வைத்திருக்கிறாள் என்று தெரிந்திருந்தால், இன்னும் கொஞ்சம் பயந்து பயந்து தேடியிருப்பாள்.

இரும்புக்கடை என்பது பேருக்குத்தான் கடை. நாலு பக்கமும் தகரம் அடைத்த பெரிய வெளி அது. சைக்கிள் சக்கரங்கள் ஒரு பக்கம், ஜன்னல் கம்பிகள் ஒரு பக்கம், கதவு கழன்ற பீரோக்கள் ஒரு பக்கம். நடுவில் தராசு. கடைக்காரர் கையுறையைக் கழற்றாமலே டீ குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, ஓரமாகச் சாத்தி வைத்திருந்த நாற்காலிகளைக் காட்டினார். ஒருவேளை வராமல் போய்விடுவார்களோ என்று லாரிக்காரனிடம் இவற்றைக் கடைசியாக ஏற்றச் சொல்லியிருந்ததாகச் சொன்னார்.

எல்லாம் மடக்கு நாற்காலிகள். இரும்புக் குழாய்க் கால், தகரத்தில் முதுகும் இருக்கையும். குட்டிக்கு அங்கேயே மனசு கொஞ்சம் இடறியது. இதுவரை கிடைத்த பெஞ்சும் முக்காலியும் மரம். தாத்தா கடையில் உட்காருகிற சாமான் எல்லாமே மரம்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இரும்பு நாற்காலி அதற்குப் பின்னால் வந்த சங்கதி.

அம்மா அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஒரு நாற்காலியைப் பிரித்து, கவிழ்த்து, புடவைத் தலைப்பால் அடியில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். மூன்று சிவப்புப் புள்ளி. வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில்.

"பாருடி" என்றாள். குரல் சின்னப் பெண் குரலாக இருந்தது. "போன இடத்திலயும் என் விரலைத்தான் வெச்சிருக்கார். மாத்தவே இல்ல பாரு."

அவள் சிரித்தாள். அம்மா இப்படிச் சிரித்துக் குட்டி பார்த்ததில்லை. மேனேஜர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். அடுத்த நாற்காலியைப் பிரித்தாள் அம்மா, அடுத்ததை, அதற்கும் அடுத்ததை. ஒவ்வொன்றிலும் புள்ளிகள் இருந்தன.

குட்டி மட்டும் சிரிக்க முடியாமல் நின்றாள். விரல் பார்த்துப் பிழைக்கிறவள் அவள். பால்குடி மறந்த பிள்ளையிலிருந்து பல் போன கிழவர்வரை எத்தனை விரல் நுனியைப் பிடித்திருக்கிறாள். முதல் நாற்காலியில் இருந்தது மூன்று வயதுப் பிள்ளையின் விரல். பெயின்ட்டில் ரேகைகூடப் பதிந்திருந்தது. மூன்றாவது நாற்காலியில் அதே ரேகை, ஆனால் விரல் கொஞ்சம் பெரிது. கடைசி நாற்காலியில் இன்னும் பெரிது, பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் விரல். நாலு வயதிலேயே அம்மா அந்தக் கடையைவிட்டு வந்துவிட்டாள். அம்மாவின் விரல் தாத்தாவின் கடையில் வளர்ந்திருக்க முடியாது.

இந்தக் கடைக்கு இன்னொரு பிள்ளை இருந்திருக்கிறது.

 பேசாமல் இரண்டு நாற்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், அம்மா சிரித்தது சிரித்தபடியே இருக்கட்டும் என்று குட்டி நினைத்தாள். தம்பியைப் பார்த்தாள். அவனும் கடைசி நாற்காலியின் அடியையே முறைத்துக்கொண்டிருந்தான். தெரிந்துவிட்டது அவனுக்கும். இத்தனை நாள் தாத்தாவைத் திட்டிக்கொண்டிருந்தவன் இப்போது போட்டு உடைக்கப் போகிறான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அச்சு செஞ்சு வெச்சிருப்பார்மா" என்றான் மேனேஜர். "உன் விரல் அளவுக்கு ரப்பர்ல. சின்னது, பெருசுன்னு ரெண்டு மூணு சைஸ். நீ இல்லேன்னாலும் உன் அடையாளம் போகக் கூடாதுன்னு."

பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய். காது மடல் சிவந்துவிட்டது. குட்டிக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அம்மா முக்காலியைக் கவிழ்த்துத் தரையில் வைத்து, அதன் பக்கத்தில் முதல் நாற்காலியையும் கவிழ்த்து வைத்தாள். இரண்டுக்கும் நடுவில் மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே போகும்போது கட்டும் புடவையாயிற்றே என்று யாரும் சொல்லவில்லை.

முக்காலியில் இரண்டு புள்ளி ஒழுங்காக இருந்தது. மூன்றாவது இழுபட்டு, வால் முளைத்துப் போயிருந்தது. முடிவெட்டும் கடைப் பெஞ்சிலும் அப்படித்தான் இருந்தது, விளக்குத் தண்டிலும் அப்படித்தான். நாற்காலியில் மூன்றும் நேராக, நிதானமாக, கோணாமல் இருந்தன.

"நான் மூணாவது விரல் பதியறதுக்குள்ள கையை இழுத்துக்குவேன்" என்றாள் அம்மா. "கூச்சம். எப்பவும் அப்படித்தான். அவர் சிரிப்பார்." நாற்காலியின் மூன்று புள்ளிகளையும் மெதுவாகத் தடவினாள். "இந்தப் பொண்ணு சமத்து. ஆடாம உட்கார்ந்திருக்கா."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டான். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

அம்மா அழுவாள் என்று குட்டி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. எழுந்து, நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து வரிசையில் போட ஆரம்பித்தாள். சின்ன விரல் முதலில், பெரிய விரல் கடைசியில். சட்டைகளை அளவு வாரியாக அடுக்குகிற கை அது, கொஞ்சமும் தடுமாறவில்லை. இரும்புக்கடைக்காரர் ஒன்றும் புரியாமல், கூட ஒரு கை கொடுத்தார். அடுக்கி முடித்ததும் வரிசையின் தலைமாட்டில் அம்மா முக்காலியை வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்று பார்த்தாள். முக்காலியோடு ஒரு பிள்ளை நின்றுபோயிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பிள்ளை நாற்காலிக்கு நாற்காலி வளர்ந்துகொண்டே போயிருந்தது.

"இவ்வளவு வருஷம் அவர் மடியில உட்கார்ந்திருக்கா" என்றாள்.

பொறாமைதான். அறுபது வயதுக்கு மேல் வந்த பொறாமை, மறைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை அவளுக்கு. மாமன் வீட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண், மாமன் தன் பிள்ளைகளைத் தூக்கும்போதெல்லாம் வேறு பக்கம் வேலை இருப்பதுபோல நகர்ந்துவிட்ட பெண். அதையெல்லாம் அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை என்றாலும் பிள்ளைகளுக்குத் தெரியும். குட்டி அவள் தோளைத் தொட்டாள். தன்னால்தான் இது வந்தது, தோண்டாமல் இருந்திருக்கலாம், மன்னித்துக்கொள் அம்மா என்றெல்லாம் சொல்ல நினைத்தாள். 

"போலாம்மா" என்றாள் கடைசியில். "லாரி வர நேரமாச்சு. நாம வீட்டுக்குப் போயிடலாம்."

அம்மா நகரவில்லை. கடைக்காரரிடம், இதையெல்லாம் கொண்டுவந்து போட்டது யார் என்று விசாரித்தாள். அவர் விவரம் சொன்னார். ஊருக்கு அந்தப் பக்கம், பாலம் தாண்டி ஒரு வீடு. ஒரு அம்மாள்தான் சின்ன வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தாள். வயது ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும். பின்பக்கத்துக் கொட்டகை ஒழுகுகிறதாம், சாமான்களை வைத்துக்கொள்ள இடம் இல்லையாம். இறக்கிப் போட்ட பிறகும் போக மனசில்லாமல் நின்றாள், ஒரு நாற்காலியை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெஞ்சுகள் இன்னும் பாக்கி இருப்பதால் அவளுடைய நம்பர் தன்னிடம் இருக்கிறது என்றார்.

"போட்டுக் குடுங்க" என்றாள் அம்மா.

மேனேஜர் குறுக்கே வந்தான். "என்னன்னு பேசுவே? அவங்க நம்மளை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டா? வேணாம்மா. நான் ஒரு தடவை நேர்ல போய் விசாரிச்சுட்டு வரேன், அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. குட்டியும் அதையேதான் சொன்னாள். இரண்டு பிள்ளைகளும் ஒரே பக்கம் நின்று பேசியது அந்த வீட்டுச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு அவர் கைதான் ஞாபகம் இருக்கு" என்றாள். "முகம் ஞாபகம் இல்ல. ஒரு போட்டோ கிடையாது. கனவுலகூட அவர் முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார். எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன், திரும்பினதில்ல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்கு அவர் முகம் தெரியும்டா. மூக்கு எப்படி, புருவம் எப்படின்னு கேட்டா சொல்லுவா. அவ என்னைத் தெரியாதுன்னு சொன்னாலும் பரவாயில்ல. அதை மட்டும் கேட்டுக்கறேன்."

 கடைக்காரர் கையுறையைக் கழற்றி, நம்பரைத் தேடி அழுத்தி, போனை அம்மாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தராசில் ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்துவிட்டார். குட்டி அம்மாவின் காதோடு காதாக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்கள் என்று மேனேஜர் சொல்ல வாயெடுத்தபோது எடுத்தார்கள். பெஞ்சுக்கு வண்டி அனுப்புகிறீர்களா என்று கேட்டது ஒரு பெண் குரல். இரும்புக்கடைக்காரர்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டது போலிருக்கிறது.

 குட்டி அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இரும்புக்கடையில இருந்து பேசறேன்" என்றாள் அம்மா. "நீங்க போட்ட நாற்காலியைப் பாத்தேன். அடியில விரல் வெச்சிருக்கு. முன்னால, வாடகைச் சாமான் கடை இருந்தப்போ... மரச் சாமான்லயெல்லாம் விரல் வெச்சது நான்."

அந்தப் பக்கம் பின்னணியில் ஒரு குழாயில் தண்ணீர் கொட்டுவது கேட்டது. யாரோ அதை மூடினார்கள்.

"பெரியக்காவா?" என்றது குரல்.

அம்மா தலையாட்டினாள். தலையாட்டினால் போனில் தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பெரியக்கா, வெச்சிடாதீங்க. தயவுசெஞ்சு வெச்சிடாதீங்க" என்ற குரல் அப்படியே நகர்ந்து போயிற்று. காலடிச் சத்தம் ஓடியது. ஏதோ ஒரு கதவு சுவரில் மோதியது. பிறகு தூரத்தில், காது மந்தமான ஒருவரிடம் பேசுவதுபோல, அதே குரல் ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னது.

"அப்பா. எழுந்திரிங்கப்பா. பெரியக்கா பேசறாங்க."